மலரின் விமானத்துக்கு எந்தப் பூச்சு

அன்புள்ள மலர்,

சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் வேலைக்காலம் முழுவதும் அறிக்கை எழுதிப் பழகிய கை இது. சொல்லப்போவதை முதலில் எண்ணிட்டு வைத்துக்கொள்ளாவிட்டால் ஒரு வரியும் ஓடாது. எனவே:

1. இதை நேரில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன்.
2. இறக்கைத் துணி எதனால் கெடும்.
3. இருக்கிற பூச்சு முறைகளில் எதை எடுப்பது, எதைக் கொட்டகைக்குள்ளேயே விடக் கூடாது.
4. ஒரு முறையின் மேல் இன்னொரு முறையை அடிக்கக் கூடாது, ஹாஜா பாய் என்ன சொன்னாலும்.
5. நீ வைத்த துளைகள். அவற்றை நான் அடைத்துவிட்டேன். அது ஏன் சரி.
6. நிறம்.
7. நான்.

முதலாவது. பெங்களூருக்கு எஞ்சின் எடுத்துவரக் கிளம்பிய அன்று பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், ஒரு காலைப் படியில் வைத்தபடி, “அப்பா, நான் வர்றதுக்குள்ள பெயிண்ட்ட மட்டும் முடிவு பண்ணி வச்சிருங்க. நீங்க எதச் சொல்றீங்களோ அதான், மறுபேச்சு கெடயாது” என்றாய். நான் தலையாட்டினேன். பஸ் போன பிறகு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தவன், நான் ஏற வேண்டிய அரியலூர் பஸ் வந்து நின்று கிளம்பிப் போயும் எழுந்திருக்கவில்லை. இத்தனை நாளும் உன் விமானத்துக்கும் வானத்துக்கும் இடையே ஏதாவது ஒரு வேலை பாக்கி இருந்துகொண்டே இருந்தது. மரச் சட்டங்களை ஒட்ட வேண்டியிருந்தது, கம்பிகளை இழுக்க வேண்டியிருந்தது, அனுமதிக்காக அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருந்தது. ஒவ்வொன்று முடிந்தபோதும் நீ அல்வா வாங்கி வந்தாய். நான் அதை வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த வேலை இன்னும் முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது மிஞ்சியிருப்பது பூச்சு ஒன்றுதான். அதை வேதியியல் படித்தவன் என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். ‘இது’ என்று நான் சொல்லிவிட்டால், அதன் பிறகு உன்னைத் தரையில் பிடித்துவைக்க எதுவும் இல்லை. நேரில் பேசலாம்தான். பேசினால் என் குரல் நடுங்கும். உடனே நீ பூச்சை மறந்துவிட்டு என்னைத் தேற்றத் தொடங்குவாய். “ஒண்ணும் ஆகாதுப்பா” என்பாய். ஒன்றும் ஆகாது என்பதற்கு நீ காட்டும் ஆதாரம் என் தோளில் வைக்கும் கை மட்டும்தான். அது எனக்குப் போதவில்லை. ஆலையில் எனக்கு ‘இன்னொருதரம் சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பது உனக்குத் தெரியும். எந்தச் சோதனை முடிவு வந்தாலும் இன்னொரு தரம் செய்யச் சொல்லுவேனாம்.

இரண்டாவது, துணி. ஒரே ஒரு ஆள் உட்காரும் உன் விமானத்தின் இறக்கை என்பது மரச் சட்டங்களின் மேல் இழுத்து ஒட்டிய பாலியஸ்டர் துணிதான் என்பதை நம் சொந்தக்காரர்கள் யாரும் இன்னும் நம்பவில்லை. விக்கிரமங்கலத்துக் கல்யாணத்தில் பந்தியில் வைத்து உன் பெரிய மாமா கேட்டாரே: “மாப்ள, ஒம் பொண்ணு பிளேனு கட்டுதாமே? அதுவும் துணில கட்டுதாமே? மழ வந்தா எடுத்துக் காயப்போடணுமா?” இலையில் சாம்பார் ஊற்ற வந்தவன் வரைக்கும் சிரித்தான். நீயும், “ஆமா மாமா, கிளிப்புதான் நெறய வேணும், ஒங்க வூட்டுல இருந்தா குடுத்தனுப்புங்க” என்று சிரித்தாய். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அவர் கேலியாகக் கேட்டதைத்தான் நான் தினமும் கேலியில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். வாலிகண்டபுரத்தில் அந்த மூடிக்கிடந்த கோழிப்பண்ணைக் கொட்டகையை நீ வாடகைக்கு எடுத்து, சூட்டை அளந்து அளந்து இஸ்திரிப் பெட்டியால் அந்தத் துணியைத் தேய்த்த நாளில் நான் பக்கத்தில் நின்றேன். தொளதொளவென்று கிடந்த துணி சூடு பட்டதும் சுருங்கி இறுகியது. விரலால் சுண்டினால் தவில்போல் ஒலித்தது. “துணிதாம்பா வலு. பெயிண்டு அதுக்குக் கொடை, அவ்ளோதான்” என்றாய். எதற்குக் குடை என்று கேட்டேன். “வெயிலுக்கு” என்றாய். நம் ஊரில், மலர். பெரம்பலூர், அரியலூர் வெயிலுக்கு.

அதனால்தான் சல்லடைச் சோதனையைத் தொடங்கினேன். கடைவீதியில் மாவு சலிக்கும் சல்லடைகளை வாங்கி, வலையைப் பிய்த்துவிட்டு, வளையத்தில் உன் மிச்சத் துணியை ஒட்டி, தேய்த்து இறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பூச்சை அடித்து நம் மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன். ஒன்றில் மட்டும் எதுவும் அடிக்கவில்லை. உன் அம்மா அந்த வெறும் துணியின் மேல் மோர்மிளகாய் காயவைத்தாள். “ஏங்க, இது நல்லா சூடு புடிக்குதுங்க. இன்னும் நாலு செஞ்சு குடுங்களேன்” என்றாள். ஒரு வருட வெயிலுக்குப் பிறகு மிளகாயைத் தட்டிவிட்டு அந்தத் துணியைக் கட்டைவிரலால் அழுத்தினேன். அப்பளம் உடைவதுபோல விரல் உள்ளே போய்விட்டது. பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லை, அதே வெள்ளை, அதே இறுக்கம், சுண்டினால் அதே சத்தம். விரலை வெளியே எடுக்கவே எனக்குப் பயமாக இருந்தது. அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு இருந்த வளையத்தை முழங்கையால் குத்தினேன், அசையவில்லை. ஆகவே வெள்ளிப் பூச்சு கொஞ்சமும் குறையக் கூடாது. அது முடிந்ததும் இறக்கைக்குள் ஒரு பல்பை எரியவிட்டு, கொட்டகையின் பக்கவலைகளைக் கோணியால் மறைத்து இருட்டாக்கிப் பார். எங்காவது ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே இன்னொரு கை அடி. ஒரு கோடை போதும் என்று நீ சொன்ன பிறகும் நான் இரண்டாவது கோடை கேட்டேன். அந்த இரண்டாவது கோடை துணிக்காக இல்லை என்பது உனக்கு அப்போதே தெரிந்திருக்கும். ஆனாலும் நீயே எனக்குச் சல்லடை வாங்கித் தந்தாய்.

மூன்றாவது, முறைகள். பழைய டோப் முறை: பருத்தித் துணிக் காலத்திலிருந்து வரும் அரக்கு போன்ற பூச்சு. காயும்போது தானே துணியை இழுத்து இறுக்கும்; அடித்து முடித்து வருடங்கள் போன பிறகும் இழுத்துக்கொண்டே இருக்கும் என்கிறார்கள். உன் மெல்லிய மரச் சட்டங்கள் அதைத் தாங்குமா என்று தெரியவில்லை. அதைவிட, தீ. ஒவ்வொரு பூச்சிலும் ஒரு கீற்றை வெட்டி மாடியில் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தேன். டோப் அடித்த கீற்று எரியவில்லை, காணாமல் போனது. ‘பக்’ என்று ஒரு சத்தம், இடுக்கி வெறுமையாக இருந்தது, என் புருவத்தில் கருகிய நாற்றம். உன் அம்மா மாடிப்படியில் நின்று, “இந்த வயசுல மத்தாப்பு கேக்குதா ஒங்களுக்கு? எறங்குங்க மொதல்ல” என்று கத்தினாள். நீ உட்காரும் இடத்துக்கு முன்னால் எஞ்சின், பெட்ரோல். சுற்றிலும் அந்தத் துணி. இதைக் கொட்டகைக்குள்ளேயே விடாதே. தண்ணீரில் கரையும் புது முறை மூச்சுக்கும் நல்லது, தீக்கும் பயமில்லை. அதைத்தான் எடுக்க ஆசைப்பட்டேன். ஆனால் அது காற்றின் ஈரத்தையும் சூட்டையும் பார்த்து, சரியான கனத்தில் அடிக்க வேண்டிய பூச்சு. தப்பினால் வழிந்து இறங்கும். ஒரு டப்பா குறைந்தாலும் வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகும். வீட்டுச் சுவருக்கு அடித்ததில் மிஞ்சிய இரண்டு வாளி பெயிண்டையே அடிக்கலாமே என்று உன் அம்மா சொன்னபோது, “வெளிநாட்டுல சில பேரு அதத்தாம்மா அடிக்கிறாங்க, நல்லாத்தான் பறக்குது” என்று நீ விளையாட்டாகச் சொன்னாய். நான் அன்றே அந்த வாளிகளை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

என் முடிவு வினைல் முறை. முதலில் துணியின் இழைக்குள் இறங்கும் தெளிவான பூச்சு, அதன் மேல் வெள்ளி, கடைசியில் நிறம். மூன்றும் ஒரே குடும்பம். காய்ந்த பிறகு தீயைத் தேடிப் போகாது. பளபளக்காது. ஆனால் எங்காவது கிழிந்தால் அதே கரைப்பானைத் தொட்டுத் துடைத்து, ஒட்டுப் போட்டு, அதே பூச்சை அடித்தால் பழையதும் புதியதும் ஒன்றாகிவிடும். பத்து வருடம் கழித்து, நான் இல்லாதபோதும், நீ தனியாகப் பழுது பார்க்கலாம். இதன் ஒரே குறை ஈரம். அதை நானே உனக்குச் செய்துகாட்டிவிட்டேன். இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகைகளான ஐலரான் இரண்டுக்கு மட்டும் சோதனையாக முதல் பூச்சு அடித்தாயே, அன்று தூசி அடங்கட்டும் என்று நான் கொட்டகைத் தரை முழுவதும் வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்து, கோணியையும் நனைத்துத் தொங்கவிட்டேன். நீ அடித்த பூச்சு உன் கண்ணெதிரே பாலாடைபோல் வெளுத்தது. நீ ஸ்பிரே கன்னைக் கீழே வைத்துவிட்டு ஈரத் தரையைப் பார்த்தாய். “அப்பா, வாசத் தெளிச்சிட்டீங்களா? கோலம் மட்டும் பாக்கியா?” என்றாய். நீ திட்டியிருக்கலாம். அந்த வெளுப்பைக் கரைப்பானால் துடைத்து மறுபடி அடிக்க உனக்கு ஒரு முழு நாள் போயிற்று. அன்றிலிருந்து தண்ணீர் என்றாலே எனக்கு உன் விமானத்தின் எதிரி என்றுதான் படுகிறது. மாசி பிறந்து காற்று காய்ந்த பிறகு அடி. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் சாலைக்கு எதையும் கொண்டுவராதே. வாலிகண்டபுரத்திலேயே அடி, தரையை முந்தின நாளே கழுவிக் காயவிட்டு.

நான்காவது, ஹாஜா பாய். லப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயில் கார் பெயிண்ட் பட்டறையில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர், உன்னைத் தங்கச்சி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர், தன் சொந்த ஸ்பிரே கன்னை உனக்காகக் கொண்டுவந்து கொட்டகையிலேயே வைத்திருப்பவர். அவர் மனதைப் புண்படுத்தாதே. ஆனால் வினைலும் வெள்ளியும் அடித்துவிட்டு, மேலே பளபளப்புக்குக் கார் பெயிண்ட் அடிக்கலாம் என்கிறாரே, அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதே. “சார், துபாய்ல நான் அடிச்ச வண்டில மூஞ்சப் பாத்து ஷேவிங் பண்ணலாம் சார்” என்றார். “இது வண்டி இல்ல பாய், துணி. துணி அசையும்” என்றேன். “கார் பானெட்டும் ஆடும் சார். ஒங்களுக்கு எல்லாமே பயம். நீங்க பயந்துகிட்டே இருந்தா இந்தப் பிளேனு இந்தக் கோழிக் கொட்டாயிலயே முட்ட போட்டு அட காத்துரும் சார்” என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கேள். கார் பெயிண்ட் தகட்டுக்காகச் செய்தது. அதில் இளக்கம் கொடுக்கும் திரவத்தைச் சேர்க்காவிட்டால், வளைந்து கொடுக்கும் துணியின் மேல் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். வெடிப்பின் வழியே வெயில் இறங்கும். இளக்கம் சேர்த்து, அதற்கென்றே உள்ள முறையில் முதல் பூச்சிலிருந்து கடைசிவரை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் முழுவதும் அதுவாக இருக்க வேண்டும். அதை இறுக வைக்கக் கலக்கும் கடினப்படுத்தி மூச்சில் போனால் நுரையீரல் போய்விடும், வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி வேண்டும். ஹாஜா பாய் வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடித்துப் பழகியவர். அவருக்கு இப்போதே படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

கனம் இன்னொரு காரணம். தொடக்கத்தில் நீ எனக்குச் சொன்னது ஒன்று என் மண்டையிலிருந்து இறங்கவே இல்லை. இறக்கையின் பின்விளிம்பில் கீலில் தொங்கி மேலும் கீழும் அசைகிற அந்தப் பலகை, ஐலரான், பின்பக்கம் கனத்துவிட்டால் வேகத்தில் தானாகவே படபடவென்று அடிக்கத் தொடங்கும் என்றாய். எவ்வளவு நேரம் அடிக்கும் என்று கேட்டேன். “ரொம்ப நேரம் இல்லப்பா” என்றாய். பிறகு பேச்சை மாற்றினாய். அந்தப் பேச்சு மாற்றத்தில்தான் எனக்கு முழு விஷயமும் விளங்கியது. இறக்கையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும். ஆகவே ஐலரானில் ஒரு கரண்டி பெயிண்ட் கூட அதிகமாக ஏறக் கூடாது. பளபளப்புக்காக மேலும் மேலும் அடிக்கிற ஒவ்வொரு சுற்றும் கனம்தான். அடிப்பதற்கு முன்பும், ஒவ்வொரு பூச்சுக்குப் பின்பும் இரண்டு ஐலரானையும் நிறுத்துப் பார்.

ஐந்தாவது. ஐலரானின் அடிப்பக்கம், பின்விளிம்பை ஒட்டி, சட்டத்துக்குச் சட்டம் சின்னச் சின்ன பிளாஸ்டிக் வளையங்களை ஒட்டி, நடுவே சூட்டுக்கம்பியால் துளை போட்டிருந்தாய். உள்ளே சேரும் நீர் வடிவதற்கு என்பது எனக்குத் தெரியும், தெரியாமல் செய்யவில்லை. நீ ஊருக்குப் போன பிறகு நான் அவற்றை எல்லாம் துணி ஒட்டி, பூச்சு தடவி அடைத்துவிட்டேன். கோபப்படாமல் என் வாதத்தைக் கேள். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி வேண்டும் என்கிறாய். உள்ளேயே போகாவிட்டால் வழி எதற்கு? நம் அரியலூர் வீட்டில் நீ பத்தாவது படித்தபோது ஐப்பசி மழையில் உன் கட்டிலுக்கு மேலே ஒழுகி, பரீட்சைப் புத்தகம் எல்லாம் ஊறிப் போனது நினைவிருக்கிறதா? நீ அழவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து மின்விசிறிக்குக் கீழே பரப்பினாய். நான்தான் சமையலறையில் நின்று அழுதேன். அடுத்த கோடையில் மாடியில் தவழ்ந்து தவழ்ந்து, கண்ணுக்குத் தெரிந்த விரிசல், தெரியாத விரிசல் எல்லாவற்றையும் பால் சிமெண்ட் ஊற்றி அடைத்தேன். அதன்பின் நம் வீட்டில் ஒரு சொட்டு விழவில்லை. விரிசலை அடைத்தால் ஒழுக்கு நிற்கும். இது என் வாழ்க்கையில் நான் சந்தேகப்படாத சில விஷயங்களில் ஒன்று. இன்னொன்று, குளவி. அந்தக் கொட்டகையில் கதவுப் பூட்டுத் துளையில்கூட மண் கூடு கட்டியிருக்கிறது. உன் துளைக்குள் ஒரு குளவி புகுந்து கூடு கட்டினால் அது எவ்வளவு கனம் என்று யோசித்தாயா? நான் யோசித்தேன். அதனால் அடைத்தேன். இந்தக் கடிதத்தில் நான் உறுதியாகச் சொல்வது ஒன்று உண்டென்றால் இதுதான்.

ஆறாவது, நிறம். நீ கருநீலம் கேட்டாய். கருமை வெயிலைக் குடிக்கும். துணியை ஒட்டிய பசை சூட்டில் இளகக் கூடியது. அதனால் வெளிர் நிறம் என்று முடிவுசெய்து, வெள்ளை என்று எழுதிவைத்திருந்தேன். பிறகு செட்டிகுளத்துக்குப் போகும் வழியில் பஸ் ஜன்னலில் இருந்து பார்த்தேன். ஒரு பக்கம் பருத்தி வெடித்து நிற்கிறது. அதில் வெள்ளையாக எது கிடந்தாலும் ரோட்டிலிருந்து தெரியாது. மறுபக்கம் மக்காச்சோளம், ஆள் உயரத்துக்கு மேல். அதற்குள் ஒரு மாட்டுவண்டி நின்றாலே தெரியாது. எதற்காக இதை யோசித்தேன் என்று உனக்குப் புரியும். புரிந்தும் கோபப்படாதே. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா, “என்னங்க ஐயா, ஒடம்பு சரியில்லியா? வேத்துக் கொட்டுது, தண்ணி குடிங்க” என்று பாட்டிலை நீட்டினார். இறக்கை வெள்ளையாக இருக்கட்டும். நுனிகளுக்கும் வாலுக்கும் கனகாம்பரப் பூவின் நிறம் அடி. அந்த நிறம் பருத்தியிலும் இல்லை, சோளத்திலும் இல்லை, கருவேலங்காட்டிலும் இல்லை. யாராவது ஓடிவர வேண்டியிருந்தால் நேராக ஓடிவருவார்கள்.

ஏழாவது, நான். நீ எட்டாவது படித்தபோது அரியலூருக்கு வெளியே வேலை நின்றுபோன ஒரு சுண்ணாம்புக்கல் குழிக்குக் கல்லாய்ப்போன சிப்பி பொறுக்க உன்னைக் கூட்டிப்போனேன். நான் குழியின் விளிம்பில் நின்றேன், நீ சரிவில் இறங்கிக்கொண்டே போனாய். “அப்பா, இங்க கடல் இருந்துச்சாமே, நெசமாவா?” என்று கீழேயிருந்து கத்தினாய். எவ்வளவு அழகான கேள்வி. அதற்கு என்னிடம் பதிலும் இருந்தது, படித்தவன்தானே. ஆனால் நான் சொன்னது, “ஏறி வா, ஏறி வா, போதும் ஏறி வா” என்பது மட்டும்தான். நீ ஏறி வந்தாய், மடி நிறையச் சிப்பியோடு. அந்தக் கேள்விக்கு நான் கடைசிவரை பதில் சொல்லவில்லை. நீ முதல் தடவை கிளப்பும் நாளில் நான் ஓடுபாதைக்கு வருவேன். வேலிக்கு வெளியே, நீ பார்க்க முடியாத இடத்தில் நிற்பேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு யாரும் விமானத்தில் ஏறக் கூடாது. உன் அம்மா உள்ளே வரட்டும். அவளுக்குப் பயமே இல்லை. “நம்ம புள்ள செஞ்சதுல நான் போயி குந்துவேன், எடமில்லாமப் போச்சு” என்கிறாள்.

இதுவரை எழுதி, மடித்து, உன் மேசைமேல் வைத்திருந்தேன். இன்று காலை மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன்.

அடுத்த பூச்சுக்கு முந்தைய எடை இவ்வளவு என்று குறித்துவைத்தால் உனக்கு ஒரு வேலை மிச்சம் என்று நினைத்து, வெங்காய மண்டியிலிருந்து ஒரு தொங்கு தராசை இரவல் வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். ஹாஜா பாயும் வந்தார். மார்கழிப் பனி இன்னும் விடவில்லை. தகரக் கூரையின் உள்பக்கம் முழுவதும் வியர்த்து, சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. ஒன்று என் வழுக்கையில் விழுந்தது, துடைத்துக்கொண்டேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீ பின்விளிம்பு கீழே இருக்கும்படி தொங்கவிட்டிருந்த ஐலரானின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். என் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது. உள்ளே ஏதோ அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு ஓடி வந்தது.

“சார், உள்ள என்னமோ ஓடுது. எலி பூந்துட்டா?”

“எலி இப்படி ஓடாது பாய்.”

“இன்னொருதரம் சாச்சுப் பாப்பமா சார்?”

சாய்த்தோம். சளசளவென்று திரும்பி ஓடியது. நான் மேலே பார்த்தேன். கூரையின் சொட்டு, மேல்நோக்கி இருந்த, கீல் மாட்டும் இடைவெளிக்குள் நேராக விழுந்துகொண்டிருந்தது. அந்த இடைவெளியை யாராலும் அடைக்க முடியாது. அடைத்தால் ஐலரான் அசையாது. நான் பிளேடை எடுத்து, நான் ஒட்டிய ஒட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்தேன். பழுப்பு நிறத் தண்ணீர் என் காலில் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. பின்விளிம்பில், மலர். கனம் கூடாத அந்த இடத்தில், நல்ல மரத்தை நனைத்துக்கொண்டு, வெளியே ஒரு சொட்டு ஈரம் காட்டாமல். மற்ற ஐலரானிலும் அப்படியே. எதையும் கேலி செய்யும் ஹாஜா பாய், “யா அல்லாஹ்” என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, “தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொல்லிருவமா சார்?” என்றார். நான் எழுதிச் சொல்கிறேன் என்றேன். இரண்டையும் துளைப்பக்கம் கீழே வைத்து, கூரைச் சொட்டு படாத மூலைக்கு மாற்றி, விசிறி போட்டுவிட்டு வந்திருக்கிறேன். உள்ளே மரம் எப்படி இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீ பார்க்காமல் அவற்றை மாட்டாதே. சந்தேகம் இருந்தால் துணியைக் கிழித்துப் பார். புதிதாக ஒட்டிக்கொள்ளலாம்.

உன்னை எது கீழே தள்ளும் என்று நீ முதல் சட்டத்தை ஒட்டிய நாளிலிருந்து யோசித்து வருகிறேன். வெயில், தீ, ஈரம், வெடிப்பு, கனம், ஹாஜா பாயின் பிடிவாதம், குளவி. ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். அந்த வரிசையில் ஒரு தடவைகூட நான் இல்லை.

வினைல் பற்றியும், கலக்கக் கூடாது என்பது பற்றியும், நிறத்தைப் பற்றியும் எழுதியது சரி என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும்விட உறுதியாக நான் சொன்னது எது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படி. நான் சொன்னதே முடிவு, மறுபேச்சு கிடையாது என்று பஸ் ஸ்டாண்டில் சொன்னாயே, அதைத் திரும்ப எடுத்துக்கொள். மறுபேச்சு பேசு. ஐந்தாவது குறிப்பு தவறு.

அப்பா